டீச்சரிடம் கேளுங்கள்: குளோரைடு தெரு முனையில் மூன்று இரவுகள்

என் மகன் அடிலெய்டில் இருக்கிறான். கடந்த ஆடி மாதம் நானும் என் வீட்டுக்காரரும் அவனுடைய கேரவனைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லுக்குப் போய் மூன்று இரவுகள் தங்கினோம். இதைச் சென்ற இதழில் வேறொரு பதிலுக்கு நடுவே பத்து வரியில் சொல்லியிருந்தேன். அந்தப் பத்து வரிக்கு வந்து குவிந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை எடுத்துக்கொண்டுவிட்டன. கல்லூரிச் சேர்க்கை பற்றிக் கேட்ட பெற்றோருக்கு அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் சிட்னி, மெல்போர்ன், கடற்கரை என்று பார்க்கிறார்கள். நீங்கள் ஏன் டீச்சர், தூசி பறக்கிற சுரங்க ஊரில் மூன்று நாளை வீணாக்கினீர்கள்? (மார்த்தாண்டம் வாசகர்)

வீணாக்கவில்லை. அந்தப் பயணத்தில் மறுபடி வேண்டும் என்று நான் ஏங்குவது அந்த மூன்று நாளுக்குத்தான்.

கடல் பார்க்க, குமரி மாவட்டக் கடலோரத்து மணவாளக்குறிச்சிக்காரி விமானம் ஏற வேண்டுமா? எங்கள் பின்வாசலைத் திறந்தால் அலைச் சத்தம். நான் பார்க்க ஆசைப்பட்டது, பூமியைத் தோண்டிப் பிழைக்கிற இன்னொரு ஊரை. என் வீட்டுக்காரர் 31 ஆண்டுகள், கடற்கரைக் கருமணலில் தாது பிரிக்கும் ஆலைக்கு லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் உலை கொதித்தது கருமணலால். இரண்டு பிள்ளைகள் படித்ததும் அதனால்தான். அப்படிப்பட்ட ஊர் ஒன்று கடலிலிருந்து வெகு தூரத்தில், பாலை விளிம்பில், எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நான் 29 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள். அந்த ஊர்த் தெருக்களுக்கு என்ன பெயர் தெரியுமா? ஆக்சைடு தெரு, சல்ஃபைடு தெரு, குளோரைடு தெரு, புரோமைடு தெரு, அயோடைடு தெரு. கடைத்தெருவுக்கு அர்ஜென்ட் தெரு என்று பெயர். அர்ஜென்டம் என்றால் லத்தீனில் வெள்ளி. அர்ஜென்ட் தெருவும் குளோரைடு தெருவும் சந்திக்கும் முனையில் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சில்வர் குளோரைடு! சோதனைக் குழாயில் தயிர் திரிந்தாற்போல வெள்ளை வீழ்படிவு இறங்குவதை எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். இன்னொரு முனையில் புரோமைடு. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படச் சுருளில் பூசியது சில்வர் புரோமைடுதான். இந்தப் பெயர்களை யாரும் அழகுக்காக வைக்கவில்லை. அந்தத் தாதுப் படுகையின் மேல்மட்டத்தில் வெள்ளி உண்மையிலேயே குளோரைடாகவும் அயோடைடாகவும் கிடைத்தது. ஆழத்துக்குப் போகப் போகச் சல்ஃபைடு. ஊர் மக்கள் தங்கள் காலுக்குக் கீழே இருந்ததையே தெருவுக்குப் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1883-இல் மவுண்ட் கிப்ஸ் ஆட்டுப் பண்ணையில் எல்லை வேலியைச் சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்தவர் சார்லஸ் ராஸ்ப். ஜெர்மனியில் பிறந்தவர். முதுகு உடைந்தாற்போல் கிடந்த குன்றின் கறுப்புப் பாறையைப் பார்த்து வெள்ளீயம் என்று நினைத்தார். ஏழு பேர் பங்கு போட்டுத் தோண்டினார்கள். உள்ளே இருந்தது வெள்ளியும் காரீயமும் துத்தநாகமும். 1885-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் இன்று உலகம் அறிந்த பி.எச்.பி. அந்தப் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்தும் இந்தக் குன்றின் பெயர். 1939-இல் அந்த நிறுவனம் ஊரை விட்டுப் போய்விட்டது. மற்றவர்கள் தோண்டுவது நிற்கவில்லை.

நம் ஊர்க் கதையும் ஒரு ஜெர்மானியரிடம்தான் தொடங்குகிறது. 1909-இல் சோம்பெர்க் என்பவர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டு, அதன் ஊற்றைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்தார். இவ்வளவு ஒற்றுமை உள்ள ஊரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருமா?

கேள்வி: கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் எங்களுக்குத் தெரியும். சமையல், குளியல், மற்ற வசதி எல்லாம் எப்படி? அறுபதைத் தாண்டியவர்களால் முடியுமா? (தக்கலை வாசகி)

தானாக ஓடும் வண்டி அல்ல இது. எஞ்சின் கிடையாது. காரின் பின்கொக்கியில் பூட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கதவு மூடினால் ஒரு ஆள் நிற்கிற கழிப்பறை. இரவில் கேரவன் பார்க் என்று இருக்கிற இடத்தில் வாடகைக்கு ஒரு மனை எடுத்து நிறுத்தினால் மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் அங்கே கிடைக்கும். பொதுக் குளியலறையும் துணி துவைக்கும் இடமும் இருக்கும். வெந்நீருக்குக் குறையில்லை. ஆடி மாதம் அங்கே குளிர்காலம். பகலில் இதமான வெயில், இரவில் ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

கழிப்பறையை யார் சுத்தம் செய்வது என்று கேட்க நினைத்து நீங்கள் கூச்சப்பட்டு விட்டிருப்பீர்கள். நாமேதான். அடியில் ஒரு பெட்டி இருக்கும். அதை வெளியே இழுத்து, பார்க்கில் அதற்கென்று உள்ள தொட்டியில் கொட்டிக் கழுவி மறுபடி மாட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாள் தயங்கினார், இரண்டாம் நாள் பழகிவிட்டார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் ஓய்வு பெற்ற மருத்துவர். ஒருவர் கழிவை இன்னொருவர் சுமக்க வேண்டியதில்லை என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் வீடுகளிலும் நம் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வயதைப் பற்றிப் பயப்படாதீர்கள். வண்டி ஓட்டுபவருக்குத்தான் பொறுமை வேண்டும். கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்கு மேலே வருமாறு அடுக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கும், அது காரையே கவிழ்த்துவிடும். மகன் இரண்டு நாள் காலி மைதானத்தில் பழக்கிய பிறகுதான் எங்களை விட்டான். சாலையில் இடப்பக்கம் ஓட்டுவது நம்மைப் போலவேதான். அடிலெய்டிலிருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்களுக்கு அவசரம் இல்லை, பீட்டர்பரோவில் ஒரு இரவு நின்றோம். அதற்குப் பிறகு ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. பெட்ரோல் கிடைக்கிற இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் ஓட்டவே கூடாது. வெயில் தாழ்ந்ததும் கங்காரு குறுக்கே பாயும். பல பெட்டிகளைக் கோத்த நீளமான சரக்கு லாரிகள் முப்பது மீட்டருக்கும் மேலே இருக்கும், அவற்றை முந்த நினைக்க வேண்டாம். அவை நம்மை முந்தும்போது காற்றில் கேரவன் ஒரு பக்கமாக உறிஞ்சப்படுவதைக் கையில் உணரலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கருமணலுக்கும் அந்த ஊர்த் தாதுவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? எங்கள் பள்ளிக் கண்காட்சிக்குக் கேட்கிறேன். (குளச்சல் பள்ளி மாணவி)

நல்ல கேள்வி, மக்களே. உனக்குத்தான் இந்த மாதம் அதிக இடம்.

முதலில் நம்முடையது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பாறைகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து ஆறுகளில் இறங்குகின்றன. கடல் அந்த மணலை அலசி அலசி லேசானதை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கனமானது கரையில் தங்குகிறது. அம்மா முறத்தில் புடைக்கிற வேலையைத்தான் அலை செய்கிறது. தங்கியதில் கறுப்பாக இருப்பது இல்மனைட். கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட், மஞ்சளாக மோனசைட். ஆலையில் பிரிப்பது எப்படி? இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கான் இரண்டுக்கும் அசையாது. ஒவ்வொன்றின் குணத்தையும் தெரிந்துகொண்டு அதற்கேற்ற கண்ணியை வைக்கிறார்கள். காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி நம் மணலில் ஓட்டிக் காட்டு, கண்காட்சியில் கூட்டம் உன் மேசையை விட்டு நகராது.

புரோக்கன் ஹில் தாது வேறு வகை. அது பாறைக்குள் பின்னிக்கிடக்கும் சல்ஃபைடு. காரீயச் சல்ஃபைடு கலீனா, துத்தநாகச் சல்ஃபைடு ஸ்ஃபாலரைட். பொடித்துத் தண்ணீரில் அலசினால் காரீயத்தில் பெரும்பகுதி பிரிந்துவிடும். துத்தநாகமோ கழிவோடு போய், ஊரைச் சுற்றி மலையாகக் குவிந்து கிடந்தது. 1900-களின் தொடக்கத்தில் அங்கேதான் நுரை மிதப்பு முறை வளர்ந்தது. பொடித்த தாதுக் குழம்பில் சிறிது எண்ணெயும் அமிலமும் சேர்த்துக் குமிழி எழுப்பினால், சல்ஃபைடு துகள்கள் குமிழியோடு ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கும், மண் அடியில் நிற்கும். தூக்கி எறிந்த குப்பை மேட்டிலிருந்தே துத்தநாகம் எடுத்தார்கள். உன் புத்தகத்தில் இரண்டு வரியில் இருக்கும் நுரை மிதப்பு முறைக்குப் பின்னால் அந்த ஊர் இருக்கிறது.

இனி நீ கேட்ட தொடர்புக்கு வருகிறேன். கேரவன் பார்க்கில் எங்கள் பக்கத்து மனையில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். நாங்கள் வந்த அன்று என் வீட்டுக்காரர் கேரவனைப் பின்னோக்கிச் செலுத்தத் திணறியபோது, அந்த மனிதர் ஓடி வந்து கையசைத்து வழி காட்டினார். மாலையில் கட்டன் சாயா கொடுக்கக் கூப்பிட்டேன். அவரும் லாரி ஓட்டுநர்தான், ஓய்வு பெற்றவர். என்ன சரக்கு என்று இவர் கேட்டார். அவர் விரல்களைத் தேய்த்துக் காட்டி, மணல் என்றார். இவர் சட்டென்று போனை எடுத்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் கறுப்பாகக் கிடக்கும் கரையின் படத்தைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: "இல்மனைட்."

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஏனென்றால் அந்தச் சொல்லை என் வீட்டுக்காரர் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு அந்நியர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை. புரோக்கன் ஹில்லுக்குத் தெற்கே முர்ரே படுகை என்று பெரிய சமவெளி இருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. கடல் பின்வாங்கியது, அதன் கரைகள் மட்டும் மண்ணுக்கடியில் வரிவரியாகத் தங்கிவிட்டன. அந்தப் பழைய கரைகளில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான். பூன்கேரிப் பக்கம் தோண்டிய மணலைப் பிரிப்பதற்கு புரோக்கன் ஹில்லில் ஆலை கட்டினார்கள். அந்த ஆலைக்குத்தான் அவர் சரக்கு ஏற்றியிருக்கிறார். அலை இல்லாத கரையின் மணலை அவரும், அலை அடிக்கிற கரையின் மணலை இவரும் ஆண்டுக்கணக்கில் சுமந்திருக்கிறார்கள். இவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், அவருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. இருந்தும் டயர், பாரம், ஏற்றம், பிரேக் என்று இருட்டும் வரை பேசினார்கள். நான் அடுப்பை இரண்டு முறை அணைத்து மூட்டினேன்.

கேள்வி: அங்கே நேரம் நமக்கு எத்தனை மணி நேரம் முன்னால்? (நாகர்கோவில் வாசகர்)

நாங்கள் போன குளிர்கால மாதத்தில் சரியாக நான்கு மணி நேரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருந்தாலும், கடிகாரம் பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவோடு ஓடுகிறது. சிட்னியை விட அரை மணி நேரம் பின்னால். சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், அடிலெய்டு அதில் பாதி. ரயிலும் வியாபாரமும் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே நேரமும் போயிருக்கிறது.

கேள்வி: அந்த ஊரையும் தோண்டித் தோண்டி நாசமாக்கியிருப்பார்களே. அதைப் பெருமையாக எழுதுகிறீர்களே, நம் கடற்கரை நிலைமை உங்களுக்குத் தெரியாதா? (கிள்ளியூர் வாசகர்)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த மணலில் சோறு தின்றவள் நான். நம் கரையில் மோனசைட்டில் உள்ள தோரியத்தால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம் என்பதும், கரை அரிக்கிறது என்ற பயமும், மணல் எடுப்பது பற்றி ஊருக்கு ஊர் நடக்கும் வாதமும் எனக்கு அன்றாடம் காதில் விழுகிறவை. மறைக்க ஒன்றுமில்லை.

அங்கேயும் காயம் உண்டு. காரீயத் தூசி. சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீய அளவை இன்றும் சோதித்துப் பார்க்கிறார்கள். வீட்டுத் தூசியை ஈரத் துணியால் துடைப்பது, சாப்பிடுமுன் கை கழுவுவது என்பதெல்லாம் அந்த ஊர்த் தாய்மார்களுக்குப் பாடம். நானும் குப்பை மேட்டிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை.

ஆனால் இரண்டு காரியங்களை அங்கே பார்த்தேன். இரண்டையும் நம் ஊரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்று, வேலி. ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. நம் குலசேகரம் பக்கம் ஒரு ஐப்பசியில் அவ்வளவு பெய்துவிடும். மரத்தை எல்லாம் சுரங்கத்துக்கும் விறகுக்கும் வெட்டிவிட்டதால், புழுதிப் புயல் வீடுகளை மூடியது. ஆல்பர்ட் மோரிஸ் என்ற தாவர ஆர்வலர், ஆடும் முயலும் நுழையாமல் வேலி போட்டால் போதும், மண்ணில் கிடக்கிற விதையே முளைக்கும் என்று விடாமல் சொன்னார். 1936-இலிருந்து ஊரைச் சுற்றி வேலி போட்டு நிலத்தை ஒதுக்கினார்கள். இன்று அது பச்சை வளையம். நான் அதன் ஓரம் நடந்தேன். சாம்பல் பச்சையில் கணுக்கால் உயரச் செடிகள்தான், பெரிய காடு ஒன்றுமில்லை. இருந்தும் புழுதியை அவை பிடித்து வைத்திருக்கின்றன. நம் கரையில் அடம்பங்கொடிக்கும் தாழைக்கும் அப்படி ஒரு வேலி கிடைத்தால் போதும் என்று அப்போதே தோன்றியது.

இரண்டாவது, பெயர்கள். ஊரின் நடுவே சுரங்கக் கழிவுப் பாறையால் ஆன நீண்ட மேடு இருக்கிறது. அதன் உச்சியில், 2001-இல், துருப்பிடித்த நிறத்து இரும்புச் சுவர்களால் ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கண்ணாடிப் பலகைகளில், சுரங்கத்தில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக இருக்கின்றன. பெயரோடு, எப்படி இறந்தார் என்பதும். பாறை சரிந்து. குழியில் விழுந்து. வெடியில் சிக்கி. என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். குளிர்காற்று காதை அறுத்தது. போகலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் குளச்சல் ஞாபகம் வந்தது, சுனாமியில் போனவர்களைச் சேர்த்துப் புதைத்த இடமும் டிசம்பர் 26 தோறும் நாம் ஏற்றுகிற மெழுகுவர்த்தியும். 2017-இல் ஒக்கிப் புயலில் போய் உடலே திரும்பாதவர்களும் ஞாபகம் வந்தார்கள். தூத்தூர்ப் பக்கத்து வீடுகளில் பெயரைத் தவிர வேறு எதைத் தொட்டு அழுவார்கள்?

அந்த ஊர்த் தொழிலாளர்கள் சும்மா இருக்கவுமில்லை. 1919-இல் தொடங்கி 18 மாதம் வேலை நிறுத்தம் செய்தார்கள். வீட்டில் பட்டினி கிடந்து நின்றார்கள். நுரையீரலைத் தின்னும் தூசிக்கு நிவாரணமும், வாரத்துக்கு 35 மணி நேர வேலையும் வாங்கிய பிறகே உள்ளே இறங்கினார்கள். 2015-இல் ஆஸ்திரேலியா தன் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஒரு முழு நகரத்தைச் சேர்த்தது, அதுவே முதல் முறை, அந்த நகரம் புரோக்கன் ஹில். தோண்டியதற்காக மட்டும் அந்த மரியாதை கிடைத்திருக்காது. பெருமையாக எழுதினேன் என்றால் இந்த மனிதர்களுக்காகத்தான் எழுதினேன்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. அத்தனை தூரத்தில் உடம்புக்கு ஏதாவது வந்தால்? (ஆரல்வாய்மொழி வாசகர்)

புரோக்கன் ஹில்லில் மருத்துவமனை இருக்கிறது. அதைத் தாண்டிய பண்ணைகளுக்குப் பறக்கும் மருத்துவர்கள் விமானத்தில் போகிறார்கள். 1928-இல் ஜான் ஃப்ளின் என்ற போதகர் தொடங்கி வைத்த சேவை அது. அதன் தளம் ஒன்று இந்த ஊரில் உண்டு, பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். மாத்திரையை மருத்துவர் சீட்டோடு, இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் போன் வேலை செய்யாது.

கேள்வி: எட்டு நாள் கெடாமல் முந்திரிக்கொத்து கொண்டு போனதாக எழுதியிருந்தீர்கள். பக்குவம் என்ன? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? (இரணியல் வாசகி)

சாப்பாடு எளிது. அரிசி, பருப்பு, ரசப்பொடி. கருவாட்டை மட்டும் இங்கிருந்து கட்டிக்கொண்டு போக நினைக்காதீர்கள். விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் கடுமையான அபராதம். உள்ளூரிலும் ஒரு விதி உண்டு. திரும்பி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பழ ஈ பரவாமலிருக்கப் பழமும் காய்கறியும் கொண்டு போகக் கூடாது. இது தெரியாமல் புரோக்கன் ஹில் கடையில் வாங்கிய தக்காளியையும் பச்சை மிளகாயையும், சாலையோரச் சோதனைச் சாவடியில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு புளி ரசம்.

முந்திரிக்கொத்தை மகன் வீட்டு அடுப்பில் செய்தேன். இரண்டு பங்கு பாசிப்பயறு, வாசனை வரும்வரை வறுத்து, தோல் புடைத்து, ரவைபோல் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு கருப்பட்டி அல்லது வெல்லம், கம்பிப் பாகு. வறுத்த எள்ளு, சுக்கு, ஏலக்காய். எல்லாம் சேர்த்துச் சூட்டோடு சின்ன உருண்டைகளாகப் பிடித்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூன்று மூன்றாக அரிசி மாவுக் கரைசலில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரிக்க வேண்டும். பக்கத்து மனைக்கார அம்மாள் ஒரு கொத்தைத் தின்றுவிட்டு, இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தேங்காய்த் துருவல் சேர்ப்பதென்றால் ஈரம் முழுக்கப் போகும்வரை சிவக்க வறுத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும்.